பேசிக்கொண்டே முன்னால் நடந்தவர்கள்

நீ அனுப்பிய மூன்று வாசகங்களையும் திருத்திவிட்டேன். 'பரஸ்பர நம்பிக்கையைப் பேணுதல்' என்பதை 'ஒருவரை ஒருவர் நம்புவோம்' என்றும், 'வெளிப்படைத்தன்மையை உறுதிசெய்தல்' என்பதை 'எதையும் மறைக்கமாட்டோம்' என்றும், 'குழு உணர்வை வளர்த்தல்' என்பதை 'யாரையும் கைவிடமாட்டோம்' என்றும் மாற்றியிருக்கிறேன். ஆலைச் சுவரில் எழுதுவது ஆலையில் வேலை செய்கிறவனுக்குப் புரிய வேண்டும். தமிழைப் பொறுத்தவரை இனி அவற்றில் குறையில்லை. அவை மூன்றும் ஒரே சுவரில் சேர்ந்து நிற்குமா என்பது வேறு கேள்வி. இந்தக் கடிதம் அதைப் பற்றியது. தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பாய். தொலைபேசியில் நான் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் உனக்கு ஒரு கூட்டம் வந்துவிடுகிறது.

உன் நிறுவனம் அரியலூர்ப் பக்கத்தில் ஒரு சிமென்ட் ஆலையை வாங்கியிருப்பதும், அதை இங்கேயே இருக்கும் உங்கள் பழைய ஆலையோடு இணைக்கும் பொறுப்பு உனக்கு வந்திருப்பதும், அடுத்த மாதம் நீயே வந்து இரண்டு ஆலைகளின் ஷிப்ட் குழுக்களையும் கலைத்துப் புதிதாகக் கட்டப்போவதும் இந்த ஊரிலேயே எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. சொன்னவர் காய்கறிக் கடைக்காரர். "டீச்சர், ஒங்க பையன்தான் வர்றாராமே, ஆளையெல்லாம் மாத்தப் போறாராமே" என்று வெங்காயத்தை நிறுத்துக்கொண்டே கேட்டார். அன்றிலிருந்து அந்தக் கடையில் மற்றப் பெண்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார்கள். கல்லூரியில் ஆயுள் முழுவதும் வேதியியல் சொல்லிக்கொடுத்து நான் பெறாத மரியாதை அது. மரியாதை அல்ல, பயம். வயதான காலத்தில் நீ எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தது.

வாசகங்களோடு நீ உன் அதிகாரிகளிடையே பேசிய காணொளியையும் அனுப்பியிருந்தாய். பார்த்தேன். அதில் நீ சவரிமுத்து மாமாவின் கதையைச் சொல்கிறாய். சிறு வயதில் உன்னைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து ஏலாக்குறிச்சித் திருவிழாவுக்குக் கூட்டிப்போன மனிதர், உன் அப்பா வேலை பார்த்த ஆலை கைமாறியபோது புது நிர்வாகத்தின் அலட்சியத்தால் இறந்தார் என்கிறாய். நடைமேடையில் ஓர் இரும்புத் தகட்டைக் கழற்றிவிட்டுத் தடுப்புக் கயிறுகூடக் கட்டாமல் போய்விட்டார்கள் என்கிறாய். ஒற்றுமையாக இருந்த ஒரு குழுவை மதிப்பீடுகள் இல்லாத ஒரு நிறுவனம் பிரித்தது, ஓர் உயிர் போனது, அதை நான் இங்கே நடக்கவிடமாட்டேன் என்று முடிக்கிறாய். கை தட்டுகிறார்கள். நன்றாகத்தான் பேசுகிறாய். உன் அப்பா இருந்திருந்தால் நடுவிலேயே எழுந்து வெளியே போயிருப்பார். நீ சொன்னதில் பாதிதான் நடந்தது. மீதியை நீ இட்டுக்கட்டவில்லை. நாங்கள் உனக்குச் சொன்னதைத்தான் சொல்கிறாய். நாங்கள் சொன்னது பொய். அந்தப் பொய்யைப் பாடமாக வைத்துக்கொண்டு நீ இத்தனை பேரை இடம் மாற்ற வருகிறாய் என்பதால், உன் அப்பா சாகும்வரை வாய் திறக்காத ஒன்றை நான் எழுதவேண்டியிருக்கிறது.

உன் அப்பா உலைப் பிரிவில் ஒரு ஷிப்டுக்கு மேற்பார்வையாளர் என்பது உனக்குத் தெரியும். சவரிமுத்து அந்தக் குழுவில் பர்னர். நீலக் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்து, உலைக்குள் எரியும் நெருப்பைப் பார்த்து, கரியைக் கூட்டுவதா குறைப்பதா என்று சொல்வது அவர் வேலை. இவர்களோடு இன்னும் நான்கு பேர். ஆறு பேரும் ஒரே நேரத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒருவர் வீட்டுக் காதுகுத்துக்கு மற்ற ஐவரும் பந்தி பரிமாறி, ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டு, மறுநாளே ஒன்றாக டீ குடித்தவர்கள். நான் அவர்களைப் பெரிதாக மதித்ததில்லை. வீட்டுக்கு வந்தால் செருப்பை வாசற்படியிலேயே கழற்றுவார்கள், சத்தமாகப் பேசுவார்கள், நான் விடைத்தாள் திருத்துவதைப் பற்றி அக்கறையே படமாட்டார்கள். ஆனால் அவர்களில் ஒருவன் ஒன்றைச் செய்கிறேன் என்று சொன்னால், அது நடந்ததா என்று மற்றவன் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. உங்கள் அலுவலகத்தில் கடற்கரை விடுதிக்கு அழைத்துப்போய்க் கயிறு இழுக்கச் சொல்லி வரவழைக்கப் பார்க்கிறீர்களே, அது அவர்களிடம் கேட்காமலே இருந்தது.

சவரிமுத்துவுக்குக் கண் போகத் தொடங்கியதை முதலில் பார்த்தவள் நான். கொடுத்த காபி டம்ளரை மேசை விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் வைத்தார். தரையெல்லாம் காபி. சிரித்துச் சமாளித்தார். உன் அப்பா சிரிக்கவில்லை. அந்த வாரமே திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சர்க்கரை நோய் விழித்திரையைத் தின்றிருக்கிறது, போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். சாதாரணக் காலமாக இருந்தால் இது பெரிய விஷயமில்லை. பழைய முதலாளியிடம் போய்க் கேட்டால் வாசல் காவலுக்கோ ஸ்டோருக்கோ மாற்றியிருப்பார். ஆனால் அப்போது ஆலையை விற்கும் பேச்சு முடிந்துவிட்டது. வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் மருத்துவப் பரிசோதனை நடத்துவார்கள், தேறாதவர்களைக் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள் என்று அறிவித்துவிட்டார்கள். சவரிமுத்துவுக்குப் படிக்கிற வயதில் பிள்ளைகள், வானம் பார்த்த கொஞ்சம் நிலம்.

ஆறு பேரும் நம் கூடத்தில் உட்கார்ந்தார்கள். சவரிமுத்து, ஏதோ கணக்கு ஒப்பிப்பவர்போலச் சொன்னார்: "அண்ணே, நெருப்பு தெரியுது. படிதான் தெரியல." உன் அப்பா உடனே பதில் சொன்னார்: "படிய நாங்க பாத்துக்குறோம். நெருப்ப நீ பாரு." அவ்வளவுதான். தீர்மானம் ஆகிவிட்டது. உன் சுவரில் எழுதும் மூன்றாவது வாசகத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது.

அன்றிலிருந்து அவர்கள் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். உலையைச் சுற்றி ஏணியும் படிக்கட்டும் நடைமேடையுமாகவே இருக்கும். சவரிமுத்து எங்கே போனாலும் அவருக்கு முன்னால் ஒருவன் பேசிக்கொண்டே நடப்பான். கையைப் பிடிப்பதில்லை, பிடித்தால் மற்றவர்கள் பார்ப்பார்கள். வெறும் பேச்சு. மாமியார் வீட்டுச் சண்டை, மக்காச்சோளத்தில் புழு, மழை ஏன் குன்னத்தில் பெய்கிறது நம் பக்கம் பெய்யவில்லை என்று எதையாவது பேசுவான். படி வந்தால் குரல் ஏறும். இறங்க வேண்டுமென்றால் தாழும். திரும்புகிற இடத்தில் ஒரு நக்கல், குனிய வேண்டிய இடத்தில் ஒரு வசவு. சவரிமுத்து அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு, கண் தெரிகிறவனைப் போலவே பின்னால் போவார். ஆலையில் அவர்களுக்கு வாயாடி ஷிப்ட் என்றே பெயர் வந்துவிட்டது. வேலை நேரத்தில் இவ்வளவு பேச்சு என்ன என்று உன் அப்பாவைக் கூப்பிட்டு ஒருமுறை கண்டித்தார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்தது அந்த வருடத்தோடு சரி.

கண் பரிசோதனைக்கு வந்த டாக்டர் தமிழ் எழுத்துப் பலகை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மேலே ஒற்றை எழுத்து பெரிதாக, கீழே போகப்போகச் சிறிதாக. முதல் நாள் ஐந்து பேரும் போய்வந்தார்கள். சவரிமுத்துவின் முறை மறுநாளுக்கு வரும்படி பார்த்துக்கொண்டார்கள். ஐவரும் ஆளுக்கு ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டு வெளியே வந்தார்கள். மாலையில் நம் கூடத்தில் ஒவ்வொருவனும் தன் வரியைச் சொல்ல, பலகை முழுவதும் வந்துவிட்டது. சவரிமுத்து ஒப்பித்தார், தப்பினார், மறுபடி ஒப்பித்தார். நடுவில் யாரோ, "இந்த மாதிரி எஸ்எஸ்எல்சில படிச்சிருந்தின்னா நீ கலெக்டர்ரா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அடுப்பங்கரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நான் ஒரு திருத்தம் சொன்னேன். இவ்வளவு சரளமாகச் சொன்னால் சந்தேகப்படுவார்கள், கடைசி வரியில் கொஞ்சம் தயங்குங்கள், ஓர் எழுத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள் என்றேன். ஆசிரியர் அல்லவா, மாணவன் எங்கே மாட்டுவான் என்பது எனக்குத் தெரியும். அவர் அப்படியே செய்தார். இந்த வயதில் பார்வை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் பாராட்டினாராம். அன்று மாலை பரோட்டா வாங்கிக்கொண்டு ஆறு பேரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். என் பங்கைச் சொல்லிவிட்டேன். அதற்காக மார்பில் அடித்துக்கொண்டு அழுவேன் என்று எதிர்பார்க்காதே. என்னால் முடிந்திருந்தால் அப்போதே அழுதிருப்பேன்.

புது நிர்வாகம் வந்தது. உன் கதையில் அவர்கள் அரக்கர்கள். நான் பார்த்தவரை அப்படியில்லை. சம்பளம் ஒழுங்காக வந்தது, கேன்டீன் சுத்தமாயிற்று, தலைக்கவசம் போடாதவனை உள்ளே விடவில்லை. சுவரில் அவர்களும் எழுதினார்கள்: நாம் ஒரே குடும்பம். சிறிது காலம் கழித்து ஷிப்ட் குழுக்களைக் கலைத்தார்கள். அதற்கும் காரணம் இருந்தது. ஒவ்வொரு ஷிப்டும் தனித் தனி ராஜ்ஜியமாக இருந்தது. ஒரு குழு செய்த தவறை அடுத்த குழுவின் தலையில் போட்டுவிட்டுப் போவது வழக்கம். அதை உடைக்க வேண்டும் என்று நினைத்தார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். நீயும் அதையேதான் நினைக்கிறாய்.

சவரிமுத்துவை வேறொரு குழுவில் போட்டார்கள். உன் அப்பா மேலாளரின் அறைக்குப் போய், அவரைத் தன்னோடேயே விடும்படி கேட்டார். ஏன் என்று கேட்டார் மேலாளர். நியாயமான கேள்வி. உன் அப்பாவிடம் அதற்கு ஒரே ஓர் உண்மையான பதில் இருந்தது. அதைச் சொன்னால் சவரிமுத்துவின் வேலை போகும். "ரொம்ப நாளா ஒண்ணா வேலை பாத்துட்டோம் சார்" என்றார். "அதுக்காகத்தான் பிரிக்கிறோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பிவிட்டார் அந்த மனிதர். சரி, புதுக் குழுவில் யாராவது ஒருவனிடமாவது சொல்லிவைப்போம் என்று உன் அப்பா கிளம்பியபோது, வேண்டாம் என்று தடுத்தவர் சவரிமுத்துதான். நம் வீட்டு வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவங்கல்லாம் யாருன்னே தெரியாதுண்ணே. எவனாவது வாய் தவறிச் சொல்லிட்டா, நான் போறது போவட்டும், எழுத்து சொல்லிக் குடுத்த ஒங்க அஞ்சு பேரையும் வெளியத் தள்ளிருவான். எனக்கு வழி பழகிப்போச்சு. நான் பாத்துக்குறேன்" என்றார். அவர்கள் அவரைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னார்கள். அவர்களைக் காப்பாற்ற அவர் அந்தப் பொய்யைத் தனியாகச் சுமந்துகொண்டு போனார். ஒருவரை ஒருவர் நம்பினார்கள், யாரையும் கைவிடவில்லை. உன் மூன்று வாசகங்களில் இரண்டை அவர்கள் அளவுக்குக் கடைப்பிடித்தவர்கள் இருக்கமாட்டார்கள். நடுவில் இருக்கிற வாசகத்துக்குத்தான் அங்கே இடமில்லாமல் போயிற்று.

புதுக் குழுவில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களும் நான்கு இடங்களிலிருந்து பிடுங்கி நடப்பட்டவர்கள். யார் யாரைப் பற்றி மேலே சொல்வார்களோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தார்கள். வாயாடி ஷிப்டிலிருந்து வந்தவன் பேசாமல் இருக்கிறானே, திமிர் என்று நினைத்தார்களாம். அன்று காலை ஷிப்ட். குழாய் ஒன்றைச் சரிசெய்வதற்காக மேல் நடைமேடையில் ஒரு தகட்டைக் கழற்றியிருந்தார் கலியபெருமாள் என்ற பிட்டர், குன்னத்துக்காரர். இரண்டு பக்கமும் சிவப்புக் கயிறு கட்டிவிட்டு, ஒரு சாமானை எடுக்கக் கீழே இறங்கினார். குழுவில் மற்ற எல்லாரும் கயிற்றைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள், பேசாமல். சவரிமுத்து கடைசியாக வந்தார். அவர் விழுந்தபோது கயிறும் அறுந்து அவரோடு கீழே போயிற்று.

நீ அப்போது விடுதியில் இருந்தாய். அடக்கத்துக்கு ஏலாக்குறிச்சிக்கு வந்தாய், மண் போட்டாய். உன்னிடம் நாங்கள் சொன்னது, தகட்டைத் திறந்து போட்டுவிட்டார்கள் என்பது மட்டும். அதற்கும் ஒரு காரணம் இருந்தது, நல்ல காரணம். அவருக்குக் கண் தெரியாது என்பது வெளியே வந்தால், பொய் சொல்லித் தேறியவர் என்று நஷ்டஈட்டை மறுத்துவிடுவார்கள். அவர் மனைவி ஆரோக்கியமேரியும் பிள்ளைகளும் தெருவில் நிற்பார்கள். ஆகவே ஐந்து பேரும் மறுபடி ஒரு முறை ஒன்றுகூடி, வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். விசாரணையில் உன் அப்பாவிடம், அவருக்கு உடலில் ஏதாவது குறை உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றார். கண் நன்றாகத் தெரிகிற மனிதன் கட்டிய கயிற்றைத் தாண்டி விழமாட்டான். அப்படியென்றால் கயிறு கட்டவில்லை. கலியபெருமாளை வேலையிலிருந்து நீக்கினார்கள். கட்டினேன், கட்டினேன் என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். சங்கத்துக்காரர்களும் நம்பவில்லை. கயிற்றைக் கண்ணால் பார்த்த புதுக் குழுக்காரர்கள் நமக்கெதற்கு வம்பு என்று பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மற்றபடி நம்பியவர்கள் ஐந்து பேர். அவர்கள் சொல்லமுடியாதவர்கள்.

கல்லூரி விடுமுறையில் நீ வந்திருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலுக்குப் போனோம், நினைவிருக்கும். திரும்பும்போது ரோட்டோரக் கடையில் டீ குடித்தோம். கழுநீர்போல இருக்கிறது என்று நீ பாதியை ஊற்றிவிட்டாய். அந்த டீயை ஆற்றிக் கொடுத்தவர்தான் கலியபெருமாள். உன் அப்பாவை அவர் அடையாளம் கண்டுகொண்டார். காசு வாங்கவில்லை. நீ வண்டிப் பக்கம் போன பிறகு, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்: "கயிறு கட்டுனேன் சார். நீங்களாவது நம்புறீங்களா?" உன் அப்பா, "நம்புறேன்" என்றார். அந்த மனிதரின் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. அடுத்து இன்னொரு வார்த்தை வரும் என்று நின்றார். இவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். பெரம்பலூர் வரும்வரை நான் ஒன்றும் கேட்கவில்லை. அதன்பிறகும் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற பின் காலையில் நாங்கள் இருவரும் நடக்கப் போவோம். எவ்வளவு மெதுவாக நான் நடந்தாலும் அவர் என் பின்னால்தான் வருவார். வாயைத் திறக்கமாட்டார். என்னோடு கோபம் என்று நினைத்துச் சில மாதங்கள் நானும் பேசாமல் இருந்து பார்த்தேன். பிறகுதான் புரிந்தது: முன்னால் குரல் இல்லாமல் நடந்த சவரிமுத்துவைப்போல அவர் நடந்துகொண்டிருந்தார். புரிந்து என்ன செய்ய?

உன் காணொளியைப் பார்த்த பிறகு கலியபெருமாளைத் தேடிப் போனேன். சாலையை அகலமாக்கியபோது அந்தக் கடையை இடித்துவிட்டார்கள். அவர் எங்கே போனார் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஆகவே உன்னிடம் கேட்கிறேன். அந்தக் கதையை இனி எந்த மேடையிலாவது சொன்னால், கயிறு கட்டியிருந்தது என்று சொல். அவர் காதில் விழாமல் போகலாம். சொல்.

பிறகு ஏலாக்குறிச்சிக்குப் போனேன். கோயிலுக்குப் போகிறவர்கள் நிறைந்த பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்; ஒரு பெண் எழுந்து இடம் கொடுக்கும்வரை. ஆரோக்கியமேரிக்கு இப்போது மூட்டு வலி, மற்றபடி திடமாக இருக்கிறாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: கூடம், எழுத்துப் பலகை, நான் சொன்ன திருத்தம், விசாரணையில் உன் அப்பா சொன்ன பதில். இவ்வளவு காலம் உன்னை ஏமாற்றிவிட்டோம் என்றேன். அவள் கூடைக்குள் இருந்த வெங்காயத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தோலை உதிர்த்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "டீச்சரக்கா, மறுநா காலைல வூட்டுல உக்கார வச்சு அவருகிட்ட எழுத்தெல்லாம் கேட்டது யாருங்கிறீங்க? நாந்தான" என்றாள். அப்படியானால் ஏன் ஒரு நாள்கூட என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அண்ணன் என் மொகத்துல முழிக்கமாட்டாரு. மாசாமாசம் வந்து பிள்ளைங்களப் பாத்துட்டுப் போனாருல்ல, அதும் நின்னுபோயிரும்" என்றாள். உன் அப்பா அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவளிடமிருந்து மறைத்தார். அவள் அவரிடமிருந்து மறைத்தாள். நானும் அவளிடமிருந்து மறைத்தேன். ஒரே பொய்யை இத்தனை பேர், ஒருவருக்காக ஒருவர், இவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றியிருக்கிறோம். அதில் ஒரு பங்கு உழைப்பை அவரை உயிரோடு வைத்திருக்கச் செலவழித்திருக்கலாம்.

இப்போது உன் விஷயம். குழுக்களைக் கலைக்காதே என்று நான் சொல்லவில்லை. பழைய குழு புனிதமானது என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்; அதுவும் உன் காணொளியில் இருக்கிறது. புனிதமில்லை. ஒருவரை ஒருவர் தாங்குகிற குழு எதுவானாலும் அதற்குள் ஒரு மறைவு இருக்கும். ஒருவனுக்குக் காது கேட்காது, ஒருவனுக்கு எழுதத் தெரியாது, ஒருவனுக்கு முதுகு போயிருக்கும், ஒருவன் காலையில் குடித்துவிட்டு வருவான். மற்றவர்கள் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டு போவார்கள். வெளியிலிருந்து பார்க்கும் உனக்கு ஒரு குறையும் தெரியாது. நீ ஆளை இடம் மாற்றலாம். அவனுக்கு முன்னால் பேசிக்கொண்டே நடந்தவனின் குரலை அவனோடு சேர்த்து மாற்ற முடியாது. புதிய குழுவின் மதிப்பீடுகள் என்று சுவரில் எழுதுவதற்கு முன், பழைய குழு யாரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதை நீ தெரிந்துகொண்டாக வேண்டும். அதைக் கேட்பதற்கு முன், சொன்னவனுக்கும், யாரைப் பற்றிச் சொன்னானோ அவனுக்கும் வேலை போகாது என்று நீ எழுத்தில் தர வேண்டும். உன்னால் அது முடியுமா என்று எனக்குத் தெரியாது. ஆட்களைக் குறைக்கத்தான் உன்னை அனுப்புகிறார்கள் என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். நீ என்னிடம் மறுக்கவும் இல்லை. அந்த வாக்கை மேலேயிருந்து வாங்க முடிந்தால் வாங்கிக்கொண்டு வந்து கேள். முடியாவிட்டால் தயவுசெய்து கேட்காதே. வாக்குக் கொடுக்காமல் அன்பாகக் கேட்கிறவன் ஒற்றன். 'எதையும் மறைக்கமாட்டோம்' என்பது அவன் எழுதிவைக்கும் பொறி. அப்போது அந்த நடு வாசகத்தை அழித்துவிடு, அல்லது வேறு யாரையாவது அனுப்பச் சொல். பதவி உயர்வு போகும் என்பாய். போகட்டும். உன் அப்பாவுக்குப் பதவி கடைசிவரை இருந்தது.

ஆரோக்கியமேரி என்னோடு பஸ் நிறுத்தம் வரை வந்தாள். நீ வரப்போவது அவளுக்கும் தெரிந்திருந்தது. அவள் வீட்டுப் பையன் ஒருவன் நீ இணைக்கப்போகும் ஆலையில்தான் வேலை பார்க்கிறானாம். மகனா, மருமகனா, உடன்பிறந்தான் பிள்ளையா என்று நான் எழுதப்போவதில்லை; நீ விசாரிக்கவும் வேண்டாம். அவன் வேலை போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்து, அதற்கு ஒரு பதிலையும் மனதுக்குள் கட்டிவைத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. "மாத்துனா மாத்தட்டும்க்கா. அவன யாருகூடப் போடுறாங்கன்னு மட்டும் தம்பிகிட்ட முன்னாடியே கேட்டுச் சொல்லுங்க" என்றாள். அவனுக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பாள். பஸ் வந்துவிட்டது. கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ஏறினேன். மறுநாள் சாயங்காலம் போன் செய்தாள். மூட்டு வலிக்கு நான் என்ன தைலம் தேய்க்கிறேன் என்று கேட்டாள், இங்கே மழை பெய்ததா என்று கேட்டாள், பையனைப் பற்றி எதுவும் கேட்காமல் வைத்துவிட்டாள். நேற்றும் செய்தாள். மழை பெய்யவில்லை என்று சொன்னேன்.

அம்மா